மரியாதையின் பற்றுவரவு

"லேன்னு கூப்பிட்டா என்னவே கொறஞ்சு போச்சு? நாஞ்சில் நாட்டுப் பேச்சே அப்படித்தான. பாசத்துலதான சொல்லுகோம்." இந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டு நமக்குக் காது புளித்துப் போய்விட்டது. எழுபது வயதுத் தலித் பெரியவர் ஒருவரை, அவர் காலமெல்லாம் உழுது நட்ட வயலின் சொந்தக்காரர் வீட்டுப் பேரன், பத்து வயதுப் பையன், பெயரைச் சொல்லி 'லே' போட்டுக் கூப்பிடுவான். கேட்டால் பாசம். சரி, பாசம் என்றே வைத்துக்கொள்வோம். அந்தப் பெரியவர் அதே பாசத்தோடு பையனின் தாத்தாவை ஒருநாள் 'லே' என்று திருப்பிக் கூப்பிட்டால் ஊரில் என்ன நடக்கும்? பாசத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்தக் கேள்விக்கு மட்டும் பதில் சொல்வதில்லை.

மொழியை வெறும் சொல்லும் இலக்கணமுமாகப் பார்க்காமல், யார், யாரிடம், எந்த இடத்தில், என்ன உரிமையில் பேசுகிறார்கள் என்று பார்க்கிற படிப்பு ஒன்று இருக்கிறது. மொழிசார் மானிடவியல் என்கிறார்கள். அதன் அடிப்படைக் கருத்துகள் சிலவற்றை நம் வயலுக்கும் வாசலுக்கும் கொண்டுவந்து உரசிப் பார்க்க வேண்டியிருக்கிறது. நான் பேராசிரியன் அல்ல. ஒரு பட்டம், வங்கியில் கிளார்க் வேலை, இடையிடையே கவிதை. கவிதை எழுதுகிறவனுக்குச் சொல் எங்கே குத்தும் என்று தெரியும். கிளார்க்குக்குப் பற்று எது, வரவு எது என்று தெரியும். இந்தக் கட்டுரைக்கு இவ்வளவுதான் முதலீடு.

முதலில் நம் மண்ணின் சான்று. திருவிதாங்கூர் தன்னைத் தருமபூமி என்று சொல்லிக்கொண்ட ராஜ்யம். அந்தப் பட்டத்தையே தலைப்பாக வைத்து லண்டன் மிஷனைச் சேர்ந்த சாமுவேல் மேட்டீர் 1871இல் ஆங்கிலத்தில் ஒரு புத்தகம் வெளியிட்டார். புலையர்கள் மேல்சாதியாரிடம் எப்படிப் பேசியாக வேண்டும் என்று அதில் எழுதி வைத்திருக்கிறார். 'நான்' என்று சொல்லக் கூடாது, 'அடியன்' என்று சொல்ல வேண்டும். தின்பதைச் 'சோறு' என்று சொல்லக் கூடாது, 'கரிக்காடி' என்று சொல்ல வேண்டும். சாப்பிடப் போக அனுமதி கேட்கக் கூடாது, தண்ணீர் குடிக்கப் போக அனுமதி கேட்க வேண்டும். குடியிருப்பது வீடு அல்ல, 'மாடம்'. தமிழில் மாளிகையைக் குறிக்கிற மாடம் அல்ல இது, மலையாளத்தில் குச்சிலைக் குறிக்கிற மாடம். பெற்ற பிள்ளைகளைக் குரங்கு என்றோ கன்று என்றோதான் சொல்ல வேண்டும். பேசும்போது தன் மூச்சுக் காற்று எதிரில் நிற்பவர் மேல் பட்டுத் தீட்டாகிவிடாமல் கையால் வாயைப் பொத்திக்கொள்ள வேண்டும்.

அதே ராஜ்யத்தில் அரசன் தூங்கினால் பள்ளியுறக்கம். செத்தால் நாடு நீங்கினார். ஒரே தேசத்தில் ஒருவனுடைய உறக்கத்துக்குத் தனிச் சொல், இன்னொருவனுடைய பிள்ளைக்கு மிருகத்தின் சொல்.

இதில் வருடத்தைக் கவனிக்க வேண்டும். திருவிதாங்கூரில் அடிமைமுறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது 1855இல். மேட்டீரின் புத்தகம் வந்தது அதற்கு 16 வருடம் கழித்து. அரசாணை அடிமையை விட்டது. அடியன் என்ற சொல் அவனை விடவில்லை.

டெல் ஹைம்ஸ் என்ற அமெரிக்க மானிடவியலாளர் 1960களில் ஒரு கருத்தை முன்வைத்தார். ஒரு மொழியின் இலக்கணம் தெரிந்திருந்தால் மட்டும் ஒருவருக்கு அந்த மொழி பேசத் தெரியும் என்று ஆகாது. எப்போது பேசலாம், எப்போது வாய் திறக்கக் கூடாது, யாரிடம் எதை எப்படிச் சொல்லலாம் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். அதைத் தொடர்பாடல் திறன் என்று சொன்னார். நம் பாட்டன்களுக்கு இந்தத் திறன் துல்லியமாக இருந்தது. ஏனென்றால் அவர்களுக்கு அந்தப் பாடம் அடியிலும் உதையிலும் நடத்தப்பட்டது. பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவன் இத்தனை சிக்கலான ஒரு பேச்சு முறையைப் பிழையில்லாமல் பேசினான் என்றால், அவனைப் 'பேசத் தெரியாதவன்' என்று சொன்னவர்கள் யார்?

அப்படியானால் அடியன் என்று சொல்லிச் சொல்லி அவன் மனசும் அடிமையாகிவிட்டதா? மொழிதான் சிந்தனைக்கு வார்ப்பு என்கிற கருத்தை பெஞ்சமின் லீ வோர்ஃப் என்பவரின் பெயரோடு சேர்த்துச் சொல்வார்கள். முழுக்க அப்படியே எடுத்துக்கொண்டால் நம் வரலாறு அதற்கு ஒத்துவராது. அடியன் என்று சொல்ல வைக்கப்பட்ட அதே புலையர் சமூகத்திலிருந்துதான் அய்யங்காளி வந்தார். 1893இல் தடைசெய்யப்பட்ட பொதுப் பாதையில் வில்வண்டி ஓட்டினார். 1907இல் சாதுஜன பரிபாலன சங்கம் கட்டினார். வாய் ஒன்றைச் சொல்ல, மனசு வேறொன்றை எண்ணிக்கொண்டிருந்தது என்றுதான் இதற்கு அர்த்தம். பண்ணையார் முற்றத்தில் பேசின பேச்சு வேறு, ராத்திரி குடிசைக்குள் பேசின பேச்சு வேறு. ஆதிக்கம் முதல் பேச்சை மட்டும் கேட்டுவிட்டு 'அவனே ஏத்துக்கிட்டான்' என்று எழுதி வைத்துக்கொள்கிறது.

*

இனி அடியேன் என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். திருப்பதிசாரத்திலோ திருவட்டாறிலோ இரண்டு வைணவர்கள் எதிர்ப்பட்டால், இவரும் அடியேன் என்பார், அவரும் அடியேன் என்பார். அங்கே அது பண்பு. தாழ்ந்து பேசி இரண்டு பேரும் உயர்கிறார்கள். அதே சொல்லைப் புலையன் மட்டும் சொல்ல, எதிரே நிற்பவன் பதிலுக்குச் சொல்லாமல் நின்றபோது அது அடிமைச் சாசனம் ஆயிற்று. எழுத்தில் ஏறத்தாழ ஒரே சொல். ஒன்று போய்வரும் சொல், மற்றது போகிற சொல் மட்டுமே. ஆகவே இழிவு சொல்லுக்குள் இல்லை. அது திரும்பி வருகிறதா இல்லையா என்பதில் இருக்கிறது.

'லே'யும் அப்படித்தான். வடசேரிச் சந்தையில் இரண்டு கூட்டாளிகள் "எங்கலே போற?" "சும்மா இருலே" என்று பேசிக்கொண்டால் அது உள்ளபடியே பாசம். நாமும் நம் கூட்டாளிகளோடு அப்படித்தான் பேசுகிறோம். அந்தச் சொல்லை ஒழிக்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. ஒரு பக்கமிருந்து மட்டும் வருகிற 'லே'யைத்தான் கேட்கிறோம்.

ரோஜர் பிரவுனும் ஆல்பர்ட் கில்மனும் 1960இல் இதை ஒரு கோட்பாடாகவே எழுதினார்கள். ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் நம் 'நீ', 'நீங்கள்' போல இரண்டு சொற்கள் உண்டு. இருவரும் ஒருவருக்கொருவர் ஒரே சொல்லைச் சொல்லிக்கொண்டால் அது நெருக்கத்தையோ சம அளவிலான மரியாதையையோ காட்டும். ஒருவர் 'நீ' என்று சொல்லி 'நீங்கள்' வாங்கிக்கொண்டால் அங்கே அதிகாரம் இருக்கிறது. நாஞ்சில் நாட்டில் நீ, நீரு, நீங்க என்று மூன்று படி. படி கூடக் கூட ஏறுகிறவன் யார், அடிப்படியிலேயே நிற்கிறவன் யார் என்பது இன்னும் தெளிவாகத் தெரியும்.

இதைத் தமிழ்நாட்டு ஊர் ஒன்றிலேயே எண்ணிப் பார்த்தவர் ஸ்டீபன் லெவின்சன். கோவை வட்டாரக் கிராமம் ஒன்றில் எந்தச் சாதி எந்தச் சாதியிடம் 'நீ' கொடுக்கிறது, எதிலிருந்து 'நீங்க' வாங்குகிறது என்று கட்டம் போட்டு ஆராய்ந்தார். கட்டுரை 1982இல் வந்தது. அவர் போட்ட கட்டங்களில் சாதிப் படிக்கட்டு அப்படியே எழுந்து நிற்கிறது. எங்கள் பேரேட்டில் இதைத்தான் பற்றுவரவு என்கிறோம். தலித்தின் கணக்கில் காலமெல்லாம் மரியாதை பற்று எழுதப்பட்டிருக்கிறது. வரவுப் பத்தி காலி. இந்த நட்டக் கணக்குக்கு வைத்த பெயர்தான் 'ஊர்க் கட்டுப்பாடு', 'பெரியவங்க சின்னவங்க'. பெரியவர் சின்னவர் என்பது வயதாக இருந்தால் பத்து வயதுப் பையன் எப்படிப் பெரியவன் ஆனான்?

*

நாஞ்சில் தமிழ், வட்டார வழக்கு என்று இலக்கியக் கூட்டங்களில் கொண்டாடுகிறார்கள். நானும் ரசிக்கிறவன்தான். ஆனால் நாஞ்சில் தமிழ் என்றதும் பெரும்பாலும் காதில் விழுவது நிலம் வைத்திருந்தவர்களின் தமிழ். வயலில் நின்றவளின் தமிழ் எங்கே? ஒரே ஊரில் ஒரே தண்ணீரைக் குடித்தால் ஒரே பேச்சு வந்துவிடும் என்று நினைக்கிறோம். அப்படி வருவதில்லை. ஜான் கம்பர்ஸ் வட இந்தியாவில் காலாப்பூர் என்ற கிராமத்தில் ஆய்வு செய்து 1958இல் எழுதினார். அங்கே தீண்டப்படாதார் ஆக்கப்பட்டவர்கள் தினமும் மேல்சாதியாரின் வீட்டிலும் வயலிலும் வேலை செய்கிறார்கள், அவர்கள் பேச்சைத் தினமும் கேட்கிறார்கள். இருந்தும் இரு சாரார் பேச்சும் வேறாகவே இருக்கிறது. காரணம், வேலைக்காகப் பேசுகிற பேச்சு நாக்குகளைக் கலப்பதில்லை. சிநேகமும் பிள்ளைகளின் விளையாட்டும்தான் கலக்கின்றன. ஆகவே சாதிக்கொரு பேச்சு என்பது யாருடைய ரத்தத்திலும் இல்லை. கூட விளையாட விடாததில் இருக்கிறது. நம் பிள்ளையின் உச்சரிப்பைக் கேட்டு வகுப்பில் சிரிக்கிறவர்கள் அந்தச் சிரிப்பில் தங்கள் தெருவின் வேலியைத்தான் காட்டிக்கொள்கிறார்கள்.

நான் உட்காருகிற கவுண்டரிலிருந்தும் சொல்ல வேண்டும். எந்த வங்கி, எந்தக் கிளை என்பது வேண்டாம், பல இடத்திலும் கதை இதுதான். நகைக்கடன் திருப்ப ஒரு தோப்புக்காரர் வந்தால் "வாங்க அண்ணாச்சி, இரிங்க". பின்னாலேயே முதியோர் பென்ஷன் வாங்க ஒரு பாட்டி வந்தால் "ரேகைய வை. அங்க இல்ல, இங்க". இரண்டு பேருக்கும் வயது ஒன்றுதான். சாதிப் பெயரை யாரும் சொல்லவில்லை. சிடுசிடுப்பு கூட இல்லை. வினைச்சொல்லின் வாலில் மட்டும் ஒரு 'ங்க' இல்லை. அந்தப் பாட்டியோ பேரன் வயதுக் கிளார்க்கை "சாரே, சாரே" என்று கையைக் கட்டிக்கொண்டு கூப்பிடுகிறாள்.

இதற்கு நிர்வாகம் வைத்திருக்கிற மருந்து வாடிக்கையாளர் சேவைப் பயிற்சி. சிரிக்கச் சொல்வார்கள், தகவல்தொடர்பு இடைவெளி என்பார்கள். இடைவெளி என்பதற்கும் ஒரு உதாரணம் உண்டு, அதே கம்பர்ஸ் சொன்னதுதான். லண்டன் விமான நிலையத்துச் சிற்றுண்டிச்சாலையில் வேலை பார்த்த இந்திய, பாகிஸ்தானியப் பெண்கள் சாப்பிட வருகிறவர்களிடம் 'கிரேவி' என்று கேட்கும்போது ஆங்கிலேயர் வழக்கப்படி குரலை ஏற்றாமல் இறக்கிச் சொன்னார்கள். கேட்டவர்களுக்கு அது திமிராகப் பட்டது. பெண்களுக்கோ தங்களை ஏன் வெறுக்கிறார்கள் என்று தெரியவில்லை. அது புரியாமை. விளக்கினால் தீரும். நம் கவுண்டரில் நடப்பது புரியாமை இல்லை. சொல்கிறவருக்கும் புரிகிறது, கேட்கிறவருக்கும் நன்றாகப் புரிகிறது. இரண்டு பக்கமும் முழுசாகப் புரிந்துகொண்டு நடக்கிற ஒன்றை இடைவெளி என்று சொல்லி மூடக் கூடாது.

*

சட்டம் இருக்கிறதே என்பீர்கள். 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில், 2015 திருத்தத்துக்குப் பிறகு, பொதுமக்கள் பார்வைக்குரிய இடத்தில் சாதிப் பெயரைச் சொல்லித் திட்டுவது தனிக் குற்றம். 2008இல் ஸ்வரண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஒரு சாதிப் பெயருக்கு வேர்ச்சொல் என்ன என்று பார்க்கக் கூடாது, இன்றைக்கு வழக்கில் அது என்ன பொருளில் வீசப்படுகிறது என்றே பார்க்க வேண்டும் என்றது. நல்ல தீர்ப்பு. மானிடவியல் சொல்வதும் அதுவே. ஆனால் 2020இல் ஹிதேஷ் வர்மா வழக்கில், வெளியாள் யாரும் இல்லாமல் வீட்டின் நாலு சுவருக்குள் பேசியது பொதுப் பார்வையில் நடந்தது ஆகாது என்றும் சொல்லப்பட்டது. சாதிப் பெயர் இல்லாமலே வேண்டுமென்று அவமானப்படுத்துவதற்கும் பிரிவு உண்டு. ஆனால் வேண்டுமென்றே செய்தான் என்று நிரூபிக்க வேண்டும். 'வா'வுக்கும் 'வாங்க'வுக்கும் நடுவில் இருக்கிற நோக்கத்தை எந்தப் போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுப்பது? சட்டத்துக்குச் சொல் பிடிபடும், விகுதி பிடிபடாது.

சொல்லை மாற்றுவதால் மட்டும் என்ன ஆகும் என்பதற்கும் நம்மிடம் நீண்ட கணக்கு உண்டு. சேரி என்ற சொல்லுக்கு ஒருகாலத்தில் இழிவில்லை. பராந்தகச் சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டில் பிராமணர்கள் குடியிருந்த பகுதிகளுக்கே சேரி என்றுதான் பெயர். ராஜராஜனின் தஞ்சைக் கல்வெட்டுகளில் கம்மாணச்சேரியோடு பறைச்சேரியும் தீண்டாச்சேரியும் வந்துவிட்டன. பிறகு மற்றவர்கள் எல்லாம் அந்தச் சொல்லிலிருந்து குடிபெயர்ந்துவிட, சேரி என்றாலே நாம் என்றாயிற்று. அதற்குப் பதில் வந்தது காலனி. அரசு ஊழியர் காலனி என்றால் கௌரவம், ரயில்வே காலனி என்றால் முகவரி, வெறும் 'காலனி' என்றால் சாதி. கேரள அரசு 2024 ஜூனில் அந்தப் பெயரைக் கைவிடச் சொன்னது. தமிழ்நாட்டில் 2025 ஏப்ரலில் முதலமைச்சர் ஸ்டாலின், அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் அது நீக்கப்படும் என்று சட்டமன்றத்தில் அறிவித்தார்.

புகை நெருப்பைக் காட்டிக்கொடுப்பது போல, ஒரு சொல் தன் அகராதிப் பொருளுக்கு மேலாக, சொல்கிறவர் கேட்கிறவர் உறவையும் காட்டிக்கொடுக்கிறது. இதைச் சுட்டுத்தன்மை என்கிறார்கள். மைக்கேல் சில்வர்ஸ்டைன் 1976இல் இதை விரிவாக எழுதினார். காலனியின் அகராதிப் பொருள் குடியிருப்பு. அது சுட்டுவது தீண்டாமை. உறவு மாறாமல் சொல் மாறினால் புதிய சொல்லும் நாலு வருடத்தில் அதையே சுட்டும். நாளைக்கு 'நகர்' என்று வைத்தாலும், எந்த நகர் என்று கேட்டுவிட்டுத் தண்ணீர்ச் சொம்பை உள்ளே எடுத்து வைப்பான்.

அதற்காகப் பெயர் மாற்றம் வீண் என்று நான் சொல்லவில்லை. யார் மாற்றுகிறார்கள் என்பது முக்கியம். ஒருவனை அடிக்கிற சொல்லையே பிடுங்கி 1893இல் தன் பத்திரிகைக்குப் 'பறையன்' என்று பெயர் வைத்தார் இரட்டைமலை சீனிவாசன். 1922இல் எம்.சி. ராஜா சென்னைச் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்து ஆதிதிராவிடர் என்ற பெயரை அரசு ஏடுகளில் ஏற்றினார். இவை நாம் நமக்கு வைத்துக்கொண்டவை. ஹரிஜன் மற்றவர் நமக்கு வைத்தது. நாம் தேர்ந்த பெயரைச் சொல்லி மற்றவர் நம்மைக் கூப்பிடுகிறபோதுதான் வரவுப் பத்தியில் முதல் எழுத்து விழுகிறது.

*

சமமாக்குவதற்கு உலகத்தில் இரண்டு வழி பார்த்திருக்கிறார்கள். ஒன்று எல்லோரையும் 'நீ' ஆக்குவது. 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் குவேக்கர்கள் நீதிபதியைக்கூட ஒருமையில் கூப்பிட்டு உதை வாங்கினார்கள். பிரெஞ்சுப் புரட்சியில் 1793இல் முயன்றார்கள். ஸ்வீடனில் 1960களின் இறுதியில் அது பரவலாக நடந்தே விட்டது. இன்னொன்று எல்லோரையும் 'நீங்க' ஆக்குவது. இன்றைய நிலையில் நமக்கு இரண்டாவதுதான் சரி என்பது என் கட்சி. ஒருமைக்கு இறங்கினால் திருப்பிச் சொன்னதற்காக முதலில் அடிபடப் போகிறவன் கூலிக்காரன். அதோடு, நமக்கு இதுவரை கிடைக்காததே 'நீங்க'தான். கிடைக்கும் முன்பே அதை ஒழித்துவிட்டால் யாருக்கு லாபம்? 1932இல் சோவியத் பயணம் முடித்து வந்த பெரியார் 'தோழர்' என்ற விளியைப் பரப்பினார். இயக்கங்களின் மேடையில் அது நிலைத்தது. மேடையை விட்டு இறங்கியதும் பழைய விளியே வந்துவிடுகிறது.

நம் வீட்டுக் கணக்கையும் திறக்க வேண்டும். தோழர் என்று கூட்டத்தில் பேசிவிட்டு வீட்டுக்குப் போய் "ஏட்டி, சோத்தப் போடு" என்கிறோம். அவள் பதிலுக்கு 'ஏலே' என்று சொல்ல முடியுமா? நமக்குத் துணி வெளுத்துத் தருகிற புதிரை வண்ணாரை, தெருவைக் கூட்ட வருகிற அருந்ததியப் பெண்ணை நாம் எப்படிக் கூப்பிடுகிறோம்? திருப்பிச் சொல்ல முடியுமா என்ற கேள்வி மேலே பார்த்துக் கேட்கிறபோது கூர்மையாக இருக்கிறது, கீழே பார்த்துக் கேட்கிறபோது மட்டும் மழுங்கக் கூடாது.

கடைசியாக ஒரு வேலை. இதைப் படிக்கிற இளைஞர்கள் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். ஒரு வாரம், உங்கள் ஊரில், டீக்கடை, ரேஷன் கடை, பஞ்சாயத்து அலுவலகம், பள்ளிக்கூடம், வங்கி, கோயில் வாசல், உங்கள் வீடு. யார் கூப்பிட்டார், யாரை, என்ன சொல், இருவர் வயது, என்ன பதில் வந்தது. ஐந்து பத்தி போதும். கருத்து எதுவும் எழுத வேண்டாம், ஆள் பெயரும் வேண்டாம். வெளிநாட்டிலிருந்து வந்தவர் நம் ஊரில் எடுத்த கணக்கை நாம் எடுக்க முடியாதா? தோவாளையிலிருந்தும் அகஸ்தீஸ்வரத்திலிருந்தும் கல்குளம், விளவங்கோட்டிலிருந்தும் பத்து ஊர் நோட்டு சேர்ந்தால் இந்த இதழிலேயே கட்டம் போட்டு அச்சடிப்போம். அடுத்த தடவை "பாசத்துலதான சொல்லுகோம்" என்று யாராவது சொன்னால் வாய்ச்சண்டை வேண்டாம். அச்சடித்த கட்டத்தை அவர் முன்னால் வைத்து, வரவுப் பத்தி ஏன் காலியாக இருக்கிறது என்று மட்டும் கேளுங்கள். 'நீங்க' போட்டே கேளுங்கள்.